மூன்றாம் நாளும் படகு வரவில்லை

"இவரு செத்துடட்டும், சட்டையத் தர்றேன். ரெண்டே பக்கம்தான் பாக்கி" என்கிறாள் லமாய், தலையைத் தூக்காமல்.

இஸ்திரிக் கடை வாசலில் நிற்கிற நீதிமன்ற குமாஸ்தாவுக்கு இது புதிதில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். அவருடைய வெள்ளைச் சட்டை ஒரு கை மட்டும் தேய்க்கப்பட்டு மேசையில் மல்லாந்து கிடக்கிறது. இஸ்திரிப் பெட்டி ஓரமாக நிமிர்ந்து நின்று சூடு ஆறிக்கொண்டிருக்கிறது. லமாய் மூக்குக் கண்ணாடியை நுனிக்குத் தள்ளிவிட்டு, மெல்லிய புத்தகம் ஒன்றின் வரிகள் மேல் ஆட்காட்டி விரலை நகர்த்திக்கொண்டு போகிறாள்.

"எப்படிச் சாகப்போறாராம்?" குமாஸ்தா கேட்கிறார்.

"தெரியல. இப்பத்தான் மருமக பேச்சக் கேக்காம பலாப்பழத்த உரிச்சுத் தின்னுட்டிருக்காரு."

"சர்க்கரை வியாதியா?"

"அதுக்குத்தான் ரெண்டு பக்கம்னேன்."

லமாய் படிப்பதெல்லாம் தகனப் புத்தகங்கள். தாய்லாந்தில், இந்த மே க்லோங் ஆற்றங்கரையில் யாரையாவது எரிக்கிறார்கள் என்றால், படியேறிப் போய்க் காகிதச் சந்தனப்பூவைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு இறங்குகிறவர் கையில் குடும்பத்தார் ஏதாவது ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். கொஞ்சம் வசதியான வீடு, எழுத வருகிற பிள்ளை ஒன்று இருக்கிற வீடு என்றால் அது புத்தகமாக இருக்கும். முன்பாதியில் போனவரின் பிறப்பு, பிழைப்பு, பெருமை. பின்பாதியில் அவருக்குப் பிடித்த பிரார்த்தனை, அவர் வீட்டு மீன்குழம்பு, வயிற்றுப்போக்குக்குக் கைகண்ட மூலிகை. எல்லோரும் வாங்குவார்கள், வண்டியில் போகும்போது விசிறிக்கொள்வார்கள், வீட்டில் எங்காவது போட்டுவிடுவார்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் உட்கார்ந்து படிக்கிற ஜீவன் இந்த ஊரில் லமாய் ஒருத்திதான்.

அட்டையைத் திறப்பதற்கு முன்னால் அதிலிருக்கிற புகைப்படத்துக்கு இரண்டு கையையும் கூப்பி ஒரு வணக்கம் வைப்பாள். "ஒருத்தர் வீட்டுக்குள்ள போறோம். சொல்லாம கொள்ளாமப் போவாங்களா?" என்பாள். சட்டைகளில் துண்டுச்சீட்டைக் குத்துகிற ஊக்குதான் பக்க அடையாளம். படித்துக்கொண்டே எழுதினவர்களோடு சண்டை போடுவாள். "எந்தப் பிள்ளையப் பாத்தாலும் இதே பாட்டு. அப்பா கண்டிப்பானவர், ஆனா அன்பானவர். ஒருத்தனாவது எங்கப்பா குறட்ட விட்டா தெருநாய் எந்திரிச்சிடும்னு எழுதியிருக்கானா பாருங்க." பிடித்த ஆளாக இருந்தால் அவர் சாகிற பக்கத்துக்கு வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இரண்டு கால்சட்டை தேய்த்துவிட்டு வருவாள். அந்த இரண்டு கால்சட்டை நேரம் அவருக்கு ஆயுள் கூடுதல்.

ஊரில் தகனம் என்றால் லமாய்க்கு மூக்கு வேர்த்துவிடும். தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேச்சே கிடையாது. மதியத்துக்கு மேல் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு, இருக்கிற ஒரே கறுப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். "புத்தகம் போட்டிருக்காங்களான்னு பாத்துட்டுத்தான் கண்ணத் துடைப்பா" என்று சந்தையில் சிரிப்பார்கள். அவள் காதுக்கும் அது வந்திருக்கிறது. வந்து என்ன செய்ய? உண்மைதானே.

இப்போதெல்லாம் புத்தகம் போடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வாசனைத் தைலம், கைக்குட்டை, மூக்கில் வைத்து உறிஞ்சுகிற மருந்துக் குழல் என்று ஒரு சின்னப் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் குழலைக் கண்டால் மட்டும் லமாய்க்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வருமோ. "மனுஷன் சளி பிடிச்சா செத்தாரு? எழுவது வருஷம் இருந்துட்டுப் போனவருக்கு இத உறிஞ்சிட்டு மறந்துடுங்கன்னு குடுக்குறீங்களே" என்று ஒருமுறை துக்க வீட்டுக்காரர் காதிலேயே விழும்படி சொல்லிவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் கோபம் யார் மேல் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் திட்டவில்லை.

லமாயைப் பழைய நாளில் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். அவள் கடையில் கஞ்சிமாவுப் பாட்டிலில் சாய்த்து வைத்த கைப்பேசி ஒன்று விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரைக்கும் பேசிக்கொண்டே இருக்கும். தொடரில் மாமியார் மருமகளை அறைவாள். அது முடிந்தால் ஒருத்தி ரவிக்கை விற்பாள். அவள் போனால் ஒருத்தன் எருமைக்குப் பிறந்தநாள் கொண்டாடுவான். "கண்ணுக்கு ஒரு வேலை, கைக்கு ஒரு வேலை. உனக்கென்ன நட்டம்?" என்பாள் யாராவது கேட்டால். நட்டம் குமாஸ்தாவுக்குத்தான். தொடரில் கதாநாயகிக்குக் கண் தெரியாமல் போன அன்று அவருடைய காலர் கருகிப் போனது.

இரவுச் சாப்பாடு ஆனதும் கைப்பேசியும் அவளோடு முன்னறைக்கு வந்துவிடும். அங்கே ஒரு பிரம்பு நாற்காலியில் அவள் புருஷன் தவின் உட்கார்ந்திருப்பார். தவின் கோயில் வாத்தியக் குழுவில் வெண்கலத் தட்டு வாசித்தவர். வளைந்த மரச்சட்டத்தில் வரிசையாகத் தட்டுகள் தொங்கும். அதற்கு நடுவில் பிறை நிலாவுக்குள் புகுந்த பூச்சி மாதிரி உட்கார்ந்து வாசிப்பார். ஊரில் எந்தத் தகனமும் அந்தக் குழு இல்லாமல் நடக்காது. ஆகவே எந்தத் தகனத்துப் புத்தகமும் தவின் கைக்கு வராமல் போகாது. வாங்கி வந்து, அலமாரி நிறைந்ததும் பழக்கூடைகளில் அடுக்கி, சாவகாசமாக ஒவ்வொன்றாகப் படிப்பார். அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. படிக்கிறதில் ஏதாவது நன்றாக இருந்தால் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "லமாய், இதக் கேளேன்" என்பார்.

"ம்" என்பாள் லமாய்.

அவர் வாசிப்பார். வாசித்து முடித்ததும், "ம்" என்பாள். ஒரு காதில் இயர்போன் இருக்கும். மறு காது அவருக்கு என்று அவள் கணக்கு. ஆனால் மனசு ஒன்றுதானே இருக்கிறது. தவினுக்கு இன்னொரு பழக்கம்: வாசித்த பகுதியையே உடனே இன்னொரு தரம் வாசிப்பார். அதே குரல், அதே வேகம். லமாய்க்கு எரிச்சலாக வரும். "ஒரு தடவ சொன்னாப் பத்தாதா? எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்பாள். அவர் "சரி சரி" என்பார். இரண்டாம் தரமும் வாசித்து முடித்துவிட்டுத்தான் புத்தகத்தை மூடுவார். மனுஷனுக்கு எழுத்துக் கூட்டுகிற வேகம் கம்மி, தனக்கே புரியட்டும் என்று திரும்ப வாசிக்கிறார் போல என்று லமாய் நினைத்துக்கொண்டிருந்தாள். பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசி ராத்திரியும் அப்படியே போனது. "லமாய், இதக் கேளேன்." "ம்." வாசித்தார். "ம்." திரும்ப வாசித்தார். இரண்டாம் தரம் வாசிக்கும்போது அவள் பார்த்துக்கொண்டிருந்த வீடியோ முடிந்து, அடுத்தது வருவதற்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த இடுக்கில் ஒரே ஒரு வரி காதில் விழுந்தது. மூன்றாம் நாளும் படகு வரவில்லை. அதற்குள் அடுத்த வீடியோ வந்துவிட்டது. அவர் முடித்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. "ம், நல்லாருக்கு" என்றாள். தவின் எழுந்துபோய்ப் புத்தகத்தை அதனுடைய இடத்தில் வைத்தார். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கிற மனிதர். அதுவும் பின்னால் அவள் தலையில் விடிந்தது. மறுநாள் காலையில் காப்பித் தம்ளரோடு ஆற்றுப் படியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

தகனத்துக்கு ஏற்பாடு செய்ய வந்தவன் பியாக். குழுவில் மத்தளம் வாசிக்கிறவன், தவினுக்குத் தம்பி மாதிரி. "அண்ணி, அண்ணனுக்குப் புத்தகம் போடாம இருக்க முடியுமா? குழுவுல எல்லாரும் சேந்து போட்டுடலாம். நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்று காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தான்.

"நல்லவரு" என்றாள் லமாய்.

பியாக் எழுதிக்கொண்டான். "அப்புறம்?"

"வறுத்த மீன் பிடிக்கும். இறால் விழுது இருந்தா இன்னும் ஒரு தட்டு சோறு போவும்."

"சரி. சின்ன வயசுல எப்படி இருந்தாராம்? வாத்தியத்துக்கு எப்படி வந்தாரு? அவருக்கு ரொம்பப் பிடிச்சது என்ன, ரொம்ப வருத்தப்பட்டது என்ன? அண்ணன் ஏதாவது சொல்லியிருப்பாரே, தெனமும் ராத்திரி உங்களுக்கு எதாச்சும் வாசிச்சுக் காட்டுவாருன்னு சொல்லுவாரே."

லமாய் வாயைத் திறந்தாள். அவர் என்ன வாசித்துக் காட்டினார் என்று ஒன்றுகூட வரவில்லை. ரவிக்கை விற்றவளுடைய வளையல் நிறம் நினைவு வந்தது. எருமையின் பெயர்கூட நினைவு வந்தது. அத்தனை வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்திருந்த மனிதருடைய ஒரு சொல் வரவில்லை. பியாக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். "துக்கத்துல இருக்கீங்க அண்ணி, விடுங்க" என்றான். துக்கம் இல்லை அது, வெட்கம். ஊரில் எல்லோருடைய புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு வந்து படித்த தவினுடைய தகனத்துக்கு வந்தவர்கள், ஆளுக்கு ஒரு மூக்குறிஞ்சிக் குழலோடு படியிறங்கிப் போனார்கள்.

அதற்குப் பிறகு உடனே திருந்திவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். திருந்தவில்லை. முன்னைவிட அதிகமாகப் பார்த்தாள். இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு பார்த்தாள். ஒரு நாள் சாப்பாட்டுக்கு அப்புறம் முன்னறையில் எருமைக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் வாய் தானாக "ம்" என்றது. யாரும் எதுவும் சொல்லவில்லை. பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது. அது தவின் தொண்டையைச் செருமுகிற நேரம், அவ்வளவுதான், வாய்க்குப் பழக்கம். லமாய் இயர்போனைக் கழற்றிக் கைப்பேசியின் மேல் சுற்றினாள். சுற்றி முடித்துவிட்டு ஒரு பாட்டம் அழுதாள். எழுந்துபோய் அலமாரியில் மேல்தட்டில் முதலாவதாக இருந்த புத்தகத்தை எடுத்தாள்.

படிப்பது என்றால் சும்மாவா? பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவள் படித்ததெல்லாம் சட்டைத் துணியில் தைத்திருக்கிற சலவைக் குறிப்புதான். இரண்டு வரிக்கு ஒருமுறை கண் பிசகியது. கட்டைவிரல் தானாகப் பக்கத்தை மேலே தள்ளிப் பார்த்தது. பக்கம் நகரவில்லை. மூன்றாம் பக்கத்தில் தூங்கிப்போனாள். மறுநாளும் அதே மூன்றாம் பக்கத்தில் தூங்கினாள். "தூக்க மாத்திரைக்குச் செலவே இல்ல, ஒரு தாசில்தார் வாழ்க்கையப் பிரிச்சா போதும்" என்று குமாஸ்தாவிடம் சொல்லியிருக்கிறாள். முன்னறையில் முடியாது என்று புத்தகத்தைக் கடைக்குக் கொண்டுபோனாள். அங்கேதான் தெரிந்தது: தேய்த்துக்கொண்டே பார்க்கலாம், தேய்த்துக்கொண்டே படிக்க முடியாது. படிப்பதற்கு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்க வேண்டும். உட்கார வேண்டும். வேறு ஒன்றும் செய்யாமல் ஒருவரோடு இருக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, "அத உயிரோட இருந்தவருக்குச் செஞ்சிருக்கலாம்" என்பாள், சட்டையை உதறிக்கொண்டு.

கைப்பேசியைத் தவினுடைய தங்கை தோங்பாய்க்குக் கொடுத்துவிட்டாள். தோங்பாய் கல்யாணம் செய்துகொள்ளாதவள். அண்ணன் போனபிறகு அண்ணிக்குத் துணையாக வந்து சேர்ந்தவள். இயர்போன், கீறல் விழுந்த உறை, எருமைக்காரன் எல்லோரும் சேர்ந்து கைமாறினார்கள். லமாயிடம் இப்போது இருப்பது பொத்தான் வைத்த பழைய போன். அது அடித்தால் பியாக் என்று அர்த்தம். "அண்ணி, நாளைக்கு மேலக் கோயில்ல. புத்தகம் உண்டு" என்பான், வைத்துவிடுவான்.

அவள் எதைத் தேடிப் படிக்கிறாள் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வரி. மூன்றாம் நாளும் படகு வரவில்லை. அவர் கடைசியாக அவளிடம் சொன்னது அதுதான், அதற்கு முன்னாலும் பின்னாலும் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவளால் இருக்க முடியவில்லை. எந்தப் புத்தகம் என்று அட்டையைக்கூட அன்றைக்கு நிமிர்ந்து பார்க்கவில்லை. அலமாரியில் எந்த அடையாளமும் இல்லை. ஆக ஒரே வழி, எல்லாவற்றையும் படிப்பது. பக்கம் தாண்டக்கூடாது, சமையல் குறிப்பையும் விடக்கூடாது.

அந்த வரியை அவள் மனசுக்குள் வளர்த்த விதம் இருக்கிறதே, அதுதான் பாவம். கரையில் ஒருத்தி காத்திருக்கிறாள், அக்கரைக்குப் போன புருஷன் திரும்பவில்லை என்று முதலில் நினைத்தாள். பிறகு, இல்லை, காத்திருப்பது புருஷன்தான், அவரைக் கொண்டுபோக வேண்டிய படகு அது என்று நினைத்தாள். பியாக்கிடம் கேட்டாள். அவன் மத்தளத்தைத் தடவிக்கொண்டே, "அண்ணனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும் போல அண்ணி. உங்ககிட்ட சொல்லிட்டுப் போகணும்னு நெனச்சிருப்பாரு" என்றான். நல்லெண்ணத்தில்தான் சொன்னான். அன்று முழுக்க லமாய்க்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மனிதர் தன் சாவைச் சொல்லிக்கொண்டிருக்க, தான் 'நல்லாருக்கு' என்று சொல்லியிருக்கிறோம் என்று நினைத்தால் யாருக்குத்தான் இறங்கும்?

அலமாரியும் கூடைகளும் காலியாகிக்கொண்டு வந்தபோதுதான் அவள் ஊரார் தகனங்களுக்கெல்லாம் போக ஆரம்பித்தாள். புதுப் புத்தகங்களைக் கொண்டுவந்து, படித்து முடித்த பழசுகள் இருந்த இடத்தில் செருகினாள். பியாக்குக்கு இது புரியவில்லை. "அண்ணன் போனதுக்கப்புறம் செத்தவங்க புத்தகத்துல அது எப்படி அண்ணி இருக்கும்?"

"இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா? கூறு கெட்டவளா நான்?" என்றாள் லமாய். "கூடை காலியாயிடுச்சுன்னா, இல்லைன்னு ஆயிடும்ல. அதான்."

பியாக் அதற்கப்புறம் அதைப் பற்றிக் கேட்பதில்லை. புத்தகம் உள்ள தகனங்களைச் சொல்லிவிடுவதோடு சரி.

இப்படித் தேடிப்போனவளுக்கு நடுவில் என்னவோ ஆகிவிட்டது. படகு இல்லாத பக்கங்களும் பிடித்துப்போயின. உப்பளத்து முதலாளி ஒருவர் தினமும் சாயந்திரம் மகளோடு சொக்கட்டான் ஆடி வேண்டுமென்றே தோற்றாராம். பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருத்தி நாய்க்குப் பயந்து கடைசிவரை சுற்றுவழியில் போனாளாம். கடையில் சட்டை வாங்க வருகிறவர்களிடம் லமாய் இவர்களைப் பற்றி ஊர்ச்சேதி மாதிரி சொல்வாள். "அந்த டீச்சர் இருக்காளே" என்று ஆரம்பிப்பாள். புதிதாக வருகிறவர்கள் யாரோ பக்கத்துத் தெருக்காரி போல என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். குமாஸ்தா மட்டும் குறுக்கே விழுந்து, "செத்துட்டாளா?" என்பார். "ஏன் அவசரப்படுறீங்க?" என்பாள். ஒவ்வொரு முறையும் இப்படி ஏதாவது ஒன்று நன்றாக இருக்கும்போது அவள் கண் பிரம்பு நாற்காலி இருக்கிற திசைக்குப் போய்த் திரும்பும். அவர் இதைப் படித்திருப்பார். படித்துவிட்டுத் தொண்டையைச் செருமியிருப்பார். நல்லது எல்லாவற்றையும் அவர் சொல்லத்தான் செய்தார்.

போன வாரம் ஒரு சாயந்திரம் கடைசிக் கூடையின் அடியில் கிடந்த புத்தகத்தை எடுத்தாள். தென்னஞ்சர்க்கரை காய்ச்சி விற்ற ஒருவருடையது. அட்டையில் அவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கூண்டில் ஒரு மைனா. லமாய் அவருக்கு வணக்கம் வைத்தாள், கொஞ்சம் யோசித்து மைனாவுக்கும் ஒன்று வைத்தாள். தோங்பாய் முன்னறையில் சாய்ந்து கிடந்தாள். லமாய் ஆற்றுப் படிக்குப் போகிற வாசலில் வெளிச்சத்துக்காக உட்கார்ந்தாள்.

அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதியதாம் அது. "என் மாமியார் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு என்று வந்தார். திரும்பக் கூட்டிப்போக வேண்டிய படகு அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சட்டி தேய்த்தது சரியில்லை என்றார். நான் உட்கார்ந்திருப்பது சரியில்லை என்றார். நான் மூச்சு விடுவதும் சரியில்லை என்றார். மூன்றாம் நாளும் படகு வரவில்லை. அதற்குள் எங்கள் மைனா மாமியாரின் குரலிலேயே என்னைத் திட்டக் கற்றுக்கொண்டுவிட்டது."

லமாயின் விரல் அந்த வரியில் நின்றது. நம்பிக்கை வராமல் இன்னொரு தரம் படித்தாள். அதற்கப்புறம் சிரிப்பு வந்தது. எங்கிருந்தோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தது. அவளுடைய அம்மாவும் ஒரு வெள்ளக் காலத்தில் இரண்டு நாளைக்கு என்று வந்து, தண்ணீர் வடிகிற வரைக்கும் இருந்தவள்தான். தவின் ஈரத்துண்டை உலர்த்துகிற விதம் சரியில்லை என்று தினமும் அவரைத் துரத்தினவள்தான். அதற்குத்தான் வாசித்தாரா, மனுஷன்? வம்புக்கு இழுக்கவா? "உங்கம்மாவுக்கு ஒரு மைனா போதாது" என்று சொல்லக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா? அவள் பதிலுக்கு அவருடைய அம்மாவை இழுத்திருப்பாள். அது ஒரு மணி நேரம் போயிருக்கும். சாவும் இல்லை, சகுனமும் இல்லை. கடைசி ராத்திரியில் தங்களுக்கு என்று இருந்தது ஒரு சிரிப்பு. அதை எருமைக்காரனுக்குக் கொடுத்துவிட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியைப் படித்தாள். "மாமியார் போய் எவ்வளவோ காலம் ஆகிறது. மைனா இருக்கிறது. என் மனைவிக்கு அம்மா நினைவு வந்துவிட்டால் கூண்டுக்கு முன்னால் போய்ச் சும்மா நிற்பாள். நான் போய் மைனாவின் கண்ணெதிரே எதையாவது தப்பாகச் செய்வேன்."

லமாய் சிரித்தபடியேதான் இருந்தாள், ஆனால் இப்போது தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. கடை வாசலில் வைத்துக் குமாஸ்தாவுக்குச் சொல்கிற சமாச்சாரம் இல்லை இது. பியாக்கிடம் நாளைக்குச் சொல்லலாம். இப்போதே, இந்த நிமிஷமே, தவினைத் தெரிந்த ஒருவரோடு சேர்ந்து சிரிக்க வேண்டும். அண்ணனுடைய துண்டுச் சண்டையெல்லாம் தெரிந்தவள் உள்ளேதான் இருக்கிறாள். லமாய் புத்தகத்தில் விரலை வைத்தபடியே எழுந்து முன்னறைக்குப் போனாள். போகிறபோதே கால் தடுக்கியது.

தோங்பாய் தலையணையில் சாய்ந்து கைப்பேசியை வயிற்றின் மேல் நிறுத்தி வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு காதில் இயர்போன்.

லமாய் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் போனபிறகு அதில் உட்கார்ந்தது அதுதான் முதல். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "தோங்பாய், இதக் கேளேன்" என்றாள்.

"ம்" என்றாள் தோங்பாய்.

லமாய் வாசித்தாள். மாமியார் வந்தார், படகு வரவில்லை, மைனா திட்டியது, மாமியார் போனார், சர்க்கரை காய்ச்சியவர் தப்பு செய்தார். கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ம், நல்லாருக்கு அண்ணி" என்றாள் தோங்பாய். அவள் கண் திரையில் இருந்தது. கட்டைவிரல் மேலே தள்ளியது.

லமாய்க்குக் கோபம் வந்தது. எழுந்துபோய் அந்த இயர்போனைக் காதிலிருந்து பிடுங்கிவிடலாமா என்று கைகூட நீண்டது. நீண்ட கையை மடியில் போட்டுக்கொண்டாள். பல வருஷம் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஒருநாளும் பிடுங்கவில்லை. அவர் எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் இல்லை. அது இப்போதுதான், இங்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. தோங்பாயின் முகத்தில் திரை வெளிச்சம் அணைந்து, அடுத்தது வருவதற்காக எதுவோ சுற்றிக்கொண்டிருந்தது.

லமாய் கண்ணாடியை நுனிக்குத் தள்ளிக்கொண்டாள். பக்கத்தின் அடியில் நின்ற விரலை எடுத்து, முதல் வரிக்குக் கொண்டுபோய் வைத்தாள்.